துரு பிடித்து வைப்பதும் விட்டுவிடுவதும்

போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் லேசான மஞ்சள். மறுநாள் காலையில் குடத்தின் அடியில் காவி படிந்திருக்கிறது, மேலே மெல்லிய ஏடு மிதக்கிறது. இரும்புச்சத்து மிகுந்த நிலத்தடி நீர் உள்ள ஊர்களில் இது அன்றாடக் காட்சி. இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பலருடைய வீட்டுக் குளியலறைத் தரையிலும் அந்தக் கறை இருக்கக்கூடும். தேய்த்துப் பார்க்கிறோம், சலித்துக்கொள்கிறோம், பிறகு பழகிவிடுகிறது. அந்தக் காவித் துகளும் நீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நடக்கும் வேதிவினைகளே இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள். வங்காளத்தில் கோடிக்கணக்கானோரின் குடிநீரில் நஞ்சு கலந்ததும் அந்த இடத்தில்தான். அதற்கான வடிகட்டி பிறந்ததும் அந்த இடத்தில்தான்.

முதலில் குடத்துக்குள் நடப்பது. நிலத்துக்கு அடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு, ஃபெரஸ் அயனியாகக் கரைந்திருக்கிறது. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை. வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்தித்ததும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகிறது. ஃபெரிக் இரும்பு சாதாரண நீரில் கரைந்து நிற்காது; நீரோடு சேர்ந்து திண்மமாகி வீழ்படிகிறது. இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை வெர்னர் ஸ்டம், லீ ஆகிய இருவரும் 1961-இல் அளந்து வெளியிட்டார்கள். நடுநிலைக்கு அருகில், நீரின் பிஎச் அளவு ஒன்று கூடினால் வினையின் வேகம் நூறு மடங்கு கூடுகிறது. சற்றே அமிலமான நீர் நாள்கணக்கில் தெளிவாக நிற்பதும், சற்றே காரமான நீர் பிடித்த கையோடு கலங்குவதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. முதல் துருத் துகள் உருவானதும் அதன் பரப்பில் ஒட்டும் ஃபெரஸ் அயனிகள், நீரில் தனியாக மிதப்பவற்றைவிட விரைவாக ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. தான் பிறந்த வினையைத் துருவே முடுக்கிவிடுகிறது.

நாம் துரு என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரு பெரிய குடும்பம். செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது ஹெமடைட். மஞ்சளும் பழுப்புமாகத் தெரிவது பெரும்பாலும் கோதைட். கருப்பாக, காந்தத்துக்கு ஒட்டுவது மேக்னடைட். குடத்தடியில் முதலில் விழும் காவி பெரும்பாலும் ஃபெரிஹைட்ரைட் என்ற, ஒழுங்காகப் படிகமாகாத, குழைவான பொருள். நாளாக ஆக அது கோதைட்டாகவோ ஹெமடைட்டாகவோ மாறும். ஃபெரிஹைட்ரைட்டின் துகள்கள் சில நானோமீட்டர் அளவே உள்ளவை. அவ்வளவு சிறிதாக இருப்பதால் ஒரு கிராமில் உள்ள துகள்களின் பரப்பை எல்லாம் கூட்டினால் 600 சதுர மீட்டர் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். சென்னைக் கணக்கில் சொன்னால், ஒரு கிராம் காவிக்குள் இரண்டரை கிரவுண்டுக்கு மேல் மனை.

அந்த மனையில் யார் குடியேறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. துருவின் வெளிப்பரப்பில் உள்ள இரும்பு அணுக்கள் ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தாங்கி நிற்கின்றன. நீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் அவை புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு நேர்மின்னேற்றம் பெறும். காரப் பக்கம் சாய்ந்தால் புரோட்டானை விட்டு எதிர்மின்னேற்றம் பெறும். பாஸ்பேட், ஆர்சனேட், குரோமேட் போன்ற எதிர்மின் அயனிகள் இந்தப் பரப்பைத் தேடி வருகின்றன. வெறும் மின்கவர்ச்சியோடு அவை நிற்பதில்லை. ஆர்சனேட், பரப்பிலுள்ள ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு, தன் இரண்டு ஆக்சிஜன் கைகளால் அடுத்தடுத்த இரண்டு இரும்பு அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. 1990-களில் எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வுகள் இந்தப் பிணைப்பை அணு இடைவெளி அளவில் காட்டிவிட்டன. பிடி வலுவானதுதான். ஆனால் அந்தப் பிடி நிலைக்க வேண்டுமானால், பற்றிக்கொண்ட இரும்பு ஃபெரிக்காகவே, திண்மமாகவே இருக்க வேண்டும். வங்காளத்தில் அது கரைந்தது.

1970-களில் வங்கதேசக் கிராமங்களில் குளத்து நீரும் ஆற்று நீரும் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். யுனிசெஃப் துணையோடு கைபம்பு பொருத்திய குழாய்க்கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. நோய்க்கிருமி இல்லாத நீர் கிடைத்தது. அந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அன்று சோதிக்கும் வழக்கம் இல்லை. 1983-இல் கொல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கையில் தடித்த முடிச்சுகளையும் மார்பில் மழைத்துளி விழுந்தாற்போன்ற கரும்புள்ளிகளையும் கண்டு, இது ஆர்சனிக் நஞ்சு என்று அறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராக நீர் மாதிரி எடுத்துப் பல ஆண்டுகள் எச்சரித்தார். வங்கதேசத்தில் 1993-இல் ஆர்சனிக் கலந்த முதல் கிணறு கண்டறியப்பட்டது.

உலகச் சுகாதார அமைப்பு வழிகாட்டும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசம் வைத்திருக்கும் வரம்பு 50. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் அந்நாட்டு அரசோடு சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் 50-ஐத் தாண்டியிருந்தன. 2000-இல் வந்த ஒரு மதிப்பீடு, மூன்றரைக் கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. கைபம்பின் மூக்கில் நஞ்சுக்குச் சிவப்பு, நல்ல நீருக்குப் பச்சை. சுமார் 14 லட்சம் பம்புகளில் சிவப்புச் சாயம் ஏறியது.

எங்கிருந்து வந்தது இந்த ஆர்சனிக்? இதில் ஒரு கடுமையான விவாதம் நடந்தது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பு இப்படிச் சொன்னது: பாசனத்துக்காக மோட்டார் வைத்து இறைத்ததால் நீர்மட்டம் இறங்கியது, மண்ணுக்குள் காற்று புகுந்தது, ஆர்சனிக் கலந்த பைரைட் கனிமம் ஆக்சிஜன் பட்டு உடைந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. பழியைப் போடவும் ஆள் கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த நிக்சன், மெக்ஆர்தர் முதலியோரும் டாக்கா பல்கலைக்கழகத்தாரும் 1998-இல் நேச்சர் இதழில் நேர் எதிரான விளக்கத்தை வைத்தார்கள். நஞ்சு மிகுந்த நீரை எடுத்துப் பார்த்தால் அதில் ஆக்சிஜன் இல்லை, நைட்ரேட் இல்லை, பைரைட் உடைந்திருந்தால் பெருகியிருக்க வேண்டிய சல்பேட்டும் குறைவு. ஆனால் கரைந்த ஃபெரஸ் இரும்பும் பைகார்பனேட்டும் நிறைய. அப்படியானால் காற்று புகுந்ததால் வந்த கேடு அல்ல இது. காற்று இல்லாததால் வந்த கேடு.

கதை இமயத்தில் தொடங்குகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து வந்த ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய துருப் பூச்சு இருந்தது. வழியில் நீரில் இருந்த ஆர்சனிக்கை அந்தப் பூச்சு பற்றிக்கொண்டது. டெல்டாவில் மணலோடு தழையும் வேரும் சதுப்புமண்ணும் சேர்ந்து புதைந்தன. மட்கும் பொருள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்தது. அடுத்து என்ன என்பதில்தான் நுண்ணுயிர்கள் வருகின்றன. அமெரிக்காவில் டெரெக் லவ்லி 1987-இல் பொடோமாக் ஆற்றின் அடிச்சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அறிவித்திருந்தார். பின்னாளில் ஜியோபாக்டர் என்று பெயர் பெற்ற இனம் அது. நாம் உணவிலிருந்து எடுக்கும் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் சேர்க்கிறோம். இந்த உயிர் அதைத் துருவிடம் சேர்க்கிறது. துரு ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் ஃபெரஸ் ஆகிக் கரைகிறது, பற்றியிருந்த ஆர்சனிக் நீருக்கு வந்துவிடுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் லாய்டின் குழு மேற்கு வங்க வண்டலைக் குடுவையில் காற்றில்லாமல் அடைத்து வைத்து, இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்களே ஆர்சனிக்கை விடுவிப்பதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன என்று 2004-இல் காட்டியது.

இதில் மனதைத் தொடும் ஒரு செய்தி, விஞ்ஞானிகளுக்கு முன்பே கிணறு தோண்டும் கூலித் தொழிலாளிகளின் கையில் ஆதாரம் இருந்தது என்பது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அவர்கள் மூங்கில் சாரம் கட்டி, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும், சேற்றை மேலே கொண்டுவந்து ஆழம் இறக்குவார்கள். மேலே வரும் மணலைப் பார்த்து, கருப்பு, வெள்ளை, மங்கிய வெள்ளை, சிவப்பு என்று வகை சொல்வார்கள். சிவப்பு மணலில் போட்ட கிணற்று நீரில் இரும்பு குறைவு என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. சுவீடன், வங்கதேச ஆய்வாளர்கள் அந்த நிறங்களையே அளவுகோலாக எடுத்துச் சோதித்தபோது, சிவப்பு, மங்கிய வெள்ளை மணல்களில் ஆர்சனிக் குறைவு, கருப்பு மணலில் அதிகம் என்று தெரிந்தது. சிவப்பு என்றால் துருப் பூச்சு இன்னும் கரையாமல் மணலின் மேல் இருக்கிறது, நஞ்சும் அதன் பிடியில் இருக்கிறது. சாம்பலும் கருப்பும் என்றால் பூச்சு போய்விட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஆய்வுகள் வந்து சேர்ந்த இடத்துக்கு இந்தத் தொழிலாளிகளின் கண் முன்பே போயிருந்தது. அவர்களை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

துரு, பூச்சாக அசையாமல் இருப்பது போலத் தோன்றும்போதும் அசையாமல் இல்லை. இதைக் காட்டிய இரண்டு சோதனைகள் இத்துறையின் எண்ணத்தையே மாற்றின. பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் யானினாவும் ரோஸ்ஸோவும் ஒரே ஒரு ஹெமடைட் படிகத்தை, ஃபெரஸ் அயனி கலந்த சூடான அமிலக் கரைசலில் வைத்தார்கள். வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், படிகத்தின் ஒரு முகத்தில் சின்னச் சின்னப் பிரமிடுகள் முளைத்திருந்தன. பக்கவாட்டு முகம் கரைந்து குழிந்திருந்தது. ஒரு முகத்தில் ஃபெரஸ் அயனி தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் திண்மமாகப் படிகிறது. அந்த எலக்ட்ரான் படிகத்தின் உடல் வழியாக ஓடி மறுமுகத்தில் ஓர் இரும்பு அணுவைக் கரைத்து வெளியே அனுப்புகிறது. இரு முகங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. கல் என்று நாம் நினைப்பதற்குள் மின்னோட்டம் ஓடுகிறது. இது 2008-இல் சயின்ஸ் இதழில் வந்தது.

அடுத்த ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் ஷெரர் குழுவும் விஸ்கான்சின் ஆய்வாளர்களும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். இயற்கையான ஐசோடோப் கலவை கொண்ட ஊசி வடிவக் கோதைட் துகள்களை, இரும்பு-57 என்ற ஐசோடோப் கூடுதலாகச் சேர்த்த ஃபெரஸ் கரைசலில் போட்டார்கள். 30 நாள் கழித்துப் பார்த்தால், திண்மத்திலும் நீரிலும் ஐசோடோப் விகிதம் ஒன்றாகிவிட்டிருந்தது. துகளின் உள்ளே இருந்த அணுக்கள் உட்பட, கோதைட்டில் இருந்த இரும்பு ஏறத்தாழ முழுவதும் நீருக்குப் போய் வேறு இரும்பு வந்து அமர்ந்துவிட்டது. ஊசிகளின் அளவும் வடிவமும் மாறவில்லை. எக்ஸ்-கதிர்ப் படமும் மின்னணு நுண்ணோக்கியும் பழைய கோதைட்டையே காட்டின. நிலத்தடியில் ஒரு துருத் துகள் ஒரு நச்சு அணுவைத் தன் உடலுக்குள் பூட்டி வைத்திருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்வோருக்கு, பூட்டு மட்டுமல்ல, பெட்டியே மாறிக்கொண்டிருக்கிறது என்று இந்தச் சோதனை சொல்கிறது.

இனி மருந்து. நீரில் வரும் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட் வடிவில் இருக்கிறது. நடுநிலை நீரில் அதற்கு மின்னேற்றம் இல்லாததால் பல வடிகட்டிகளுக்கு அது பிடிபடாது. ஆர்சனேட்டாக மாற்றினால்தான் பிடிப்பது எளிது. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனத்தில் ஸ்டெஃபான் ஹுக் செய்த ஆய்வுகள் ஓர் அழகான குறுக்குவழியைத் தெளிவாக்கின. ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனோடு வினைபுரியும்போது இடையில் பிறக்கும் மிகத் தீவிரமான துணைப்பொருள்கள், பக்கத்திலிருக்கும் ஆர்சனைட்டையும் சேர்த்தே ஆர்சனேட்டாக மாற்றிவிடுகின்றன. துரு உருவாகும் அந்த நேரமே சுத்திகரிப்பின் நேரம். அதனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட துருவைவிட, கண்முன்னே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக்கு ஆற்றல் அதிகம்.

வங்கதேசத்தில் முதலில் வந்தது மூன்று மண்குட வடிகட்டி. மேல் குடத்தில் இரும்புச் சீவல். வேலை செய்தது, ஆனால் சில மாதங்களில் சீவல் துருவோடு சேர்ந்து ஒரே பாறையாக இறுகி நீர் இறங்காமல் நின்றது. குஷ்டியாவைச் சேர்ந்தவரும் அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியருமான அபுல் ஹுசாம், தம் சகோதரர் முனீரோடு சேர்ந்து இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். லேத் பட்டறைகளில் உதிரும் வார்ப்பிரும்புச் சீவலைப் பதப்படுத்தி, நீர் புகுந்து செல்லும் துளைகள் கொண்ட கூட்டுப்பொருளாக ஆக்கினார்கள். மேல் வாளியில் ஆற்று மணலும் இந்த இரும்பும். கீழ் வாளியில் மணல், அடுப்புக்கரி, செங்கல் ஜல்லி. சோனோ வடிகட்டி என்று பெயர். மின்சாரம் வேண்டாம், ரசாயனம் ஊற்ற வேண்டாம். 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதெமி தந்த 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு இதற்குக் கிடைத்தது. தொகையின் பெரும்பகுதியை வடிகட்டிகளை மக்களுக்குக் கொண்டுசேர்க்கவே ஹுசாம் ஒதுக்கினார்.

சென்னைக்கும் இதில் நேரான பங்கு உண்டு. ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப்பின் குழு, ஃபெரிஹைட்ரைட் நாளடைவில் கோதைட்டாக மாறித் தன் பரப்பை இழந்துவிடும் என்ற பழைய தலைவலியைக் கையில் எடுத்தது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளின் வலைக்குள் ஃபெரிஹைட்ரைட்டை வளர்த்து, மாறவிடாமல் அடைத்து வைத்தார்கள். அம்ரித் என்ற பெயரில் அது ஆர்சனிக் பாதித்த ஊர்களின் குடிநீர் நிலையங்களுக்குப் போயிருக்கிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆர்சனிக்கோடு இந்த வேதியியல் முடியவில்லை. வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் அமெரிக்கக் கடலோரக் காவல்படைத் தளத்தின் குரோம் முலாம் பட்டறைக் கழிவு நிலத்தடியில் பரவியிருந்தது. 1996-இல் அங்கே 46 மீட்டர் நீளத்துக்கு, 7 மீட்டருக்கு மேல் ஆழமாக, அரை மீட்டருக்குச் சற்றே அதிகமான தடிப்பில் இரும்புத் தூளால் நிலத்துக்குள் ஒரு சுவர் எழுப்பினார்கள். நிலத்தடி நீர் தன் போக்கில் அதன் ஊடே போகிறது. நச்சான குரோமேட் இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று, எளிதில் கரையாத மூன்று இணைதிற குரோமியமாகி அங்கேயே படிந்துவிடுகிறது. பம்பு இல்லை, தொட்டி இல்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, மழைக்கு மஞ்சள் நீராக ஒழுகியதை அறிந்தவர்களுக்கு இந்தச் சுவரின் பொருள் விளங்கும். அங்கு வேண்டியிருந்ததும் இதே எலக்ட்ரான்தான்.

துருவால் நஞ்சைப் பிடிப்பதை இயற்கை நெல்வயலில் தினமும் செய்கிறது. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. துரு கரைந்து ஃபெரஸ் இரும்பாகச் சுற்றி நிற்கிறது. நெற்பயிர் தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு ஆக்சிஜனை இறக்குகிறது, அதில் கொஞ்சம் வேரைவிட்டு வெளியே கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு துருவாகி வேரின் மேல் உறைபோலப் படிகிறது. ஒரு பயிரைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால், நுனி வெள்ளையாகவும் மற்றப் பகுதி செங்காவியாகவும் தெரியும். வங்க வயல்களில் பாசன நீரோடு வரும் ஆர்சனிக்கில் ஒரு பகுதியை அந்த உறை பற்றிக்கொள்கிறது. முழுவதையும் அல்ல, மிச்சம் அரிசிக்குப் போகிறது. வரப்போரம் தேங்கிய நீரில் எண்ணெய்போல் மினுக்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பார்க்கலாம். எண்ணெயாக இருந்தால் வழிந்து மீண்டும் சேர்ந்துகொள்ளும். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம். லெப்டோத்ரிக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே வேலையில் இருக்கின்றன.

இத்தனை வடிகட்டிகளுக்குப் பிறகும் ஒரு கேள்வி ஒதுக்கிவைக்கப்படுகிறது, அதை ஒதுக்க முடியாது. நஞ்சைப் பிடித்த துருவை எங்கே கொட்டுவது? குப்பைமேட்டில் கொட்டலாம் என்று அனுமதிக்க அமெரிக்காவில் ஒரு கசிவுச் சோதனை இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் காட்டியது, அந்தச் சோதனை ஆர்சனிக் கசிவைக் குறைத்து மதிப்பிடுகிறது என்பது. சோதனைக் குடுவையில் நடப்பது வேறு. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லை, மட்கும் பொருள் ஏராளம், பாக்டீரியாக்களும் இருக்கின்றன. வங்க டெல்டாவின் நிலைமையை நாமே கையால் செய்து கொடுக்கிறோம். குளத்தில் கொட்டினாலும் சாணக்குழியில் கொட்டினாலும் அதே கதைதான். ஆர்சனிக் வடிகட்டியை வழங்கும் எந்தத் திட்டமும், கழிவுக்கு வழி சொல்லாதவரை பாதித் திட்டம்தான்.

வழி இருக்கிறது. லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தா குழு மேற்கு வங்கத்தில் ஊர்ப் பொதுக் கைபம்புகளோடு இணைத்த வடிகட்டிகளை அமைத்தது. 2007 கிரெய்ஞ்சர் போட்டியில் வெள்ளிப் பரிசு பெற்றது இதுவே. வடிகட்டியை ஊர்க் குழுவே நடத்துகிறது, வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலாகிறது. ஆர்சனிக் நிறைந்துபோன வடிகட்டிப் பொருளை ஒரு பொது இடத்துக்குக் கொண்டுபோய்க் காஸ்டிக் சோடாவால் கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள். கழுவிய நீரிலிருந்து ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்து மிகக் குறைந்த அளவு சேறாக ஒடுக்குகிறார்கள். அந்தச் சேற்றைப் புதைப்பதில்லை. பருமணல் பரப்பிய, காற்று உள்ளே புகுந்து போகும்படி கட்டிய திறந்த தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். துருவுக்கு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, ஆர்சனிக் அதன் பிடியிலேயே இருக்கிறது.